கண்ணாடிச் சட்டம் போடாத மடல்

போர்ட் பிளேரிலிருந்து வெளிவரும் ‘அலைவாசல்’ வார இதழின் சமையல் பக்கத்தைப் பதினெட்டு ஆண்டுகள் எழுதி, 1975ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இன்று பணி நிறைவு பெறும் திருமதி நீலாவதி ஜம்புலிங்கம் அம்மையார் அவர்களுக்கு, இதழின் ஊழியர்கள் அனைவரும் அன்போடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கப்பலை நம்பிச் சமைத்த தீவைக் கைப்பக்குவத்தை நம்பச் செய்த பெருமாட்டியே!

மண்ணெண்ணெய் டின்னுக்குள் மாவு உப்பும் என்று மெய்ப்பித்த மனையறச் செல்வியே!

‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னவர்களையெல்லாம் முறைத்துப் பார்த்த நாவரசியே!

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஆசிரியர் ராஜமாணிக்கம் ஐயா சொன்னார். தொடங்கிவிட்டோம். இனி நாம் அலுவலகத்தில் பேசிக்கொள்வது போலவே எழுதிவிடுகிறோம். அலங்காரம் கூடிப்போனால், விழா மேடை என்றும் பாராமல், நீங்கள் சிவப்பு மைப் பேனாவை எடுத்துவிடுவீர்கள் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

அவையோருக்கு ஒரு வார்த்தை. பணி நிறைவு மடல் என்றால் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். இந்த மடலுக்குச் சட்டம் போடவில்லை. பணம் போதாமல் அல்ல. சட்டம் வாங்கியாயிற்று, அதோ மேசைமேல் வெறுமையாக இருக்கிறது. காரணத்தை முடிவில் சொல்கிறோம்.

அம்மா, தங்கள் கணவர் கடல்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலையேற்று, மாயவரத்திலிருந்து தங்களை இங்கே அழைத்து வந்தது 1954இல். மின்னி பேயில் அரசு வீடு கொடுத்தார்கள். கடல் தெரியும் சன்னல், புகை போகாத சமையலறை. வந்த புதிதிலேயே மெட்ராஸ் கப்பல் தாமதப்பட்டது. கடைத்தெருவில் வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, உளுந்து இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கப்பல் வரும்வரை பருப்பும் சோறுமாக நாளைக் கடத்தினார்கள். தாங்கள் மட்டும் பையை எடுத்துக்கொண்டு, இந்த ஊரில் கப்பலில் வராதவை என்னென்ன என்று தேடிப் புறப்பட்டீர்கள்.

அந்தத் தேடலே பிற்பாடு நமது இதழுக்கு வாழ்வு கொடுத்தது. 1957இல் தாங்கள் இங்கே அச்சுப் பிழை திருத்தும் வேலையில்தான் சேர்ந்தீர்கள். ஒரு வாரம் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் நின்றுபோனது. ஆசிரியர் ஐயா தலையைப் பிடித்துக்கொண்டு, “நாலு அங்குலம் காலியா கெடக்கு. ஏதாவது எழுதித் தாங்கம்மா, எதுவா இருந்தாலும் சரி” என்றார். தாங்கள் எழுதிக் கொடுத்தது, வெங்காயம் இல்லாமல் மீன் குழம்பு வைப்பது எப்படி என்று. மறுவாரம் அந்த விளம்பரக்காரர் திரும்பி வந்தார். இடமில்லை என்று ஐயா அனுப்பிவிட்டார்.

அன்று முதல் தங்கள் பக்கத்துக்கு ஒரு தனி அமைப்பு உண்டானது. ஒவ்வொரு பதார்த்தமும் இரண்டு விதமாக வரும். இடப்பக்கம் ‘கப்பல் வந்த வாரம்’, வலப்பக்கம் ‘கப்பல் வராத வாரம்’. இடப்பக்கம் உலர்ந்த திராட்சை என்றால் வலப்பக்கம் பாகில் ஊறிய பப்பாளிக்காய். இடப்பக்கம் மைதா என்றால் வலப்பக்கம் மரவள்ளி மாவும் ரேஷன் கோதுமையும் பாதிப் பாதி. சிப்பிகாட்டிலிருந்து லாரியில் வரும் பூசணிக்காய் வலப்பக்கத்தில் போடாத வேஷம் இல்லை. அல்வாவாக வந்தது, கேக்காக வந்தது, ஒரு முறை ஜாமாகவும் வந்து, அந்த ஜாம் எவருக்கும் பிடிக்காமல், “பிடிக்கவில்லை என்று எழுதியவர்களுக்கு நன்றி, எனக்கும் பிடிக்கவில்லை” என்று தாங்களே அடுத்த இதழில் எழுதினீர்கள். வலப்பக்கத்தில் வந்ததே பல வீடுகளில் நிலைத்துப்போனது. கப்பல் வந்த வாரத்திலும் வராத வாரத்துக் கேக்கைச் செய்கிறவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கை தூக்க வேண்டாம், நேரமாகும்.

தங்களுடைய வேலையில் எங்கள் பங்கு சாப்பிடுவது. வெளியே இருப்பவர்கள் அதைப் பெரிய பாக்கியம் என்று நினைக்கிறார்கள். தாங்கள் டின் அடுப்பில் சுட்ட கேக்கைத் துண்டு போட்டு, எழுத்துக் கோக்கும் மேசைக்கே கொண்டுவருவீர்கள். யாராவது வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா இருக்கும்மா” என்றால் தீர்ந்தது.

“நல்லா இருக்குன்னு கடைக்காரன்கிட்ட சொல்லு. என்கிட்ட எங்க நல்லா இருக்குன்னு சொல்லு. மேலயா, நடுவிலயா, முழுங்கின பிறகா?”

அச்சுக் கோக்கும் ஜெகநாதன் அண்ணன் ஒருமுறை, “முழுங்கின பிறகுதாம்மா. முழுங்கியாச்சேங்கிற நிம்மதி” என்று சொல்லிவிட்டு, அன்று பிற்பகல் முழுவதும் தங்களுடைய பார்வை படாத மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். அந்தக் கேக்கைத் தாங்கள் அச்சுக்குத் தரவில்லை. எழுத்துப் பெட்டிகளில் எறும்பு ஏறியதும் அந்தக் காலத்தில்தான். வெல்லத் துகள் ஒட்டிய ஈய எழுத்துகளைத் துடைத்துத் துடைத்து அண்ணனுக்குக் கை தேய்ந்தது.

வீட்டிலும் இதே கதைதான் என்று ஐயா ஜம்புலிங்கம் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். “ரசஞ்சோறு எப்போ கெடைக்கும்னு கேட்டா, அடுத்த இதழுக்கு அப்புறம்னு பதில் வருது” என்பார். ஆனாலும், சந்தையிலிருந்து பூசணிக்காயைத் தோளில் சுமந்து வந்தவர் அவரே என்பதை இந்த மடல் மறக்கவில்லை.

இப்படி விளைந்தவை இரண்டு புத்தகங்கள். 1964இல் வெளிவந்தது ‘டின் அடுப்பு ரொட்டியும் கேக்கும்’. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அடியில் மணல் பரப்பி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுகிற முறையைப் படிப்படியாகச் சொன்ன புத்தகம். 1971இல் வெளிவந்தது ‘ஒரு துறைமுகம், பல அடுப்புகள்’. வங்காளிக் குடும்பங்களின் கடுகு மீன், தெலுங்கு மீனவர்களின் புளிக்குழம்பு, மலபார் மாப்பிள்ளை முஸ்லிம் வீடுகளின் அரிசிப் பத்திரி, பர்மாவிலிருந்து வந்தவர்கள் தள்ளுவண்டியில் விற்கும் நூடுல்ஸ் என்று, இந்தச் சின்ன ஊருக்குள் எத்தனை ஊர் வேகிறது என்பதை ஊருக்கே காட்டியது அது.

இந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. யாருடைய பதார்த்தமோ அவருக்கே எழுதியதை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்டுவிட்டு, “போடலாம்” என்று சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும். அதற்காக எங்களையும் கூட்டிக்கொண்டு மீன் சந்தைக்கும் படகுத்துறைக்கும் போனீர்கள். புளிக்குழம்புப் பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்த மீன்காரம்மா பாதியிலேயே கையை நீட்டி, “உப்பு பத்தாது” என்றார். காதால் கேட்டே உப்பு பார்த்தவர் அவர் ஒருவர்தான். தாங்கள் உடனே அங்கேயே திருத்தினீர்கள்.

அந்த விதி எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லலாமா, பாராட்டு மடலில் ஒரு பிழையை எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அலுவலகத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும், முதல் வாரமே அவரை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்கிறவர் தாங்களே. தாங்கள் மறைக்காததை நாங்கள் ஏன் மறைக்க வேண்டும்? ஆகவே சொல்கிறோம்.

அது 1962, நோன்பு தொடங்கவிருந்த சமயம். அந்த நாளில் தாங்கள் எந்தச் சமையல்காரரிடமும் எதுவும் கேட்பதில்லை. வாங்கிச் சாப்பிடுவீர்கள், முகர்ந்து பார்ப்பீர்கள், வீட்டில் செய்து பார்ப்பீர்கள். அதே சுவை வந்துவிட்டால் எழுதிவிடுவீர்கள். தங்கள் நாக்கின்மேல் தங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அபர்தீன் பஜாரில் சேக் தாவூத் பாயின் ரொட்டிக்கடை இருக்கிறது. அவருடைய ரொட்டியில் மெல்லிய புளிப்பு மணம் ஒன்று உண்டு. ஆப்பத்துக்குக் கள் விடும் ஊரில் வளர்ந்த தங்கள் நாக்கு, அதைக் கள் என்று சொன்னது. வீட்டில் கள் விட்டுப் பிசைந்து பார்த்தீர்கள். ரொட்டி அப்படியே வந்தது. மகிழ்ச்சியோடு எழுதினீர்கள்: “இந்தத் தீவில் சேக் தாவூத் பாய் கடை ரொட்டிக்கு இணை கிடையாது. அந்த மென்மைக்குக் காரணம் கள்.”

பாயின் கடையில் ரொட்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கள்ளைத் தொடாத அவருடைய மார்க்கத்தவர். இதழ் வெளிவந்த வெள்ளிக்கிழமையே கடையில் கூட்டம் நின்றுபோனது. தாங்கள் ஓடிப்போய் நின்றபோது, அடுக்கிய ரொட்டி அப்படியே இருக்க, பாய் இதழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீகம்மா. ரொம்ப நல்லா எழுதியிருக்கீக. அதுலதான் என் கடை மூடப்போகுது.”

“பாய், என் நாக்குல கள்ளு வாசம் தெரிஞ்சுது.”

“நாக்குல தெரிஞ்சா போதுமா? நான் இங்கனதானே நிக்கிறேன். என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

அந்த விதி பிறந்தது இந்த ஒரு கேள்வியில்தான் என்று தாங்களே சொல்வீர்கள்.

பாய் கள் விடுவதில்லை என்று சத்தியம் செய்தார். வேறு எதை விடுகிறார் என்று சொல்ல மறுத்தார். அது அவருடைய தொழில் ரகசியம். பள்ளிவாசல் ஜமாத்தில் மதிப்புள்ளவரான ஜவுளிக்கடை சாகுல் ஹமீது ராவுத்தர், தாமே உள்ளே போய், மாவு பிசைவதை முதலிலிருந்து கடைசிவரை நின்று பார்த்தார். வெளியே வந்து, “ஹராமா ஒண்ணுமே இல்ல. என்ன போடறார்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, வாக்குக் குடுத்திருக்கேன்” என்றார். அன்றிலிருந்து அவருடைய வீட்டம்மா அதைக் கேட்காத நாள் இல்லை என்பது ஊரறிந்த செய்தி.

மறுப்பை எழுதினீர்கள். ஜெகநாதன் அண்ணன் எழுத்துக் கோத்து முடித்தார். அச்சடிக்கக் காகிதம் இல்லை! காகிதம் வர வேண்டிய கப்பல் காற்றில் மாட்டி மெட்ராஸிலேயே நின்றுவிட்டது. கப்பல் வராத வாரத்துக்கு எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருந்த தங்களிடம், காகிதத்துக்கு மட்டும் மாற்று இல்லை. நோன்போ தொடங்கப் போகிறது.

அண்ணன் ஒரு பழைய சினிமா நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரே ஒரு பிரதி அடித்துக் கொடுத்தார். அந்த ஒற்றைத் தாளை எடுத்துக்கொண்டு தாங்கள் புறப்பட்டீர்கள். நமது இதழ் எந்தெந்த வீட்டுக்குப் போனதோ அந்தந்த வீட்டு வாசலில் நின்று வாய்விட்டு வாசித்தீர்கள். பஜார் முடிந்து, சாத்தாமில் படகு ஏறி எதிர்க்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டுக்கும் போனீர்கள். படகிலேயே வாசிக்கத் தொடங்கியதும், தமிழ் தெரியாத பயணிகள் என்னவோ ஆபத்து என்று எழுந்துவிட்டார்கள். படகுக்காரர்தான், “அரே, பைட்டோ! ரொட்டி மே தாரு நஹீ ஹை, பஸ்!” என்று கத்தி, ரொட்டியில் சாராயம் இல்லை என்பதுதான் சேதி என்று எல்லோரையும் உட்காரவைத்தார்.

பாம்பூஃப்ளாட்டில் மளிகைக்கடை ரஷீதா அம்மா வாசித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, கதவைப் பிடித்தபடியே நின்றார்.

“அக்கா, போன வாரம் எழுதுனதும் நீங்கதான். இப்ப இல்லைங்கறதும் நீங்கதான். எத நம்பச் சொல்றீங்க?”

“இத நம்பும்மா. அத எழுதறப்ப நான் யாரையும் கேக்கல. இத அவரக் கேட்டு எழுதி, அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டு வந்திருக்கேன்.”

ரஷீதா அம்மா கதவை முழுக்கத் திறந்தார். பிறகு, “வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து தண்ணி குடிங்க. அடுத்த தெருவுக்கு நானும் வர்றேன், உங்க சத்தம் பத்தாது” என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடவே கிளம்பினார்.

நோன்பின் முதல் நாள் மாலை, பாயின் கடைக்கு எதிரே உள்ள தையல் கடையில் தாங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். முதலில் ஒருவர் வந்தார். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் வரிசை தெருமுனை வரை போனது. தாங்களும் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றீர்கள். தங்கள் முறை வந்தபோது தட்டு காலி. பாய் இரண்டு கையையும் விரித்து, “தீந்துபோச்சும்மா!” என்றார். ஒரு கடைக்காரர் அவ்வளவு சந்தோஷமாக அதைச் சொல்லித் தாங்கள் கேட்டதில்லையாம்.

இரண்டு ஆண்டு கழித்து முதல் புத்தகம் தயாரானபோது, பாயின் ரொட்டியை அதில் சேர்க்க அவரிடம் முறைப்படி கேட்டீர்கள். “எழுத்துல என் ரொட்டி ஒரு தடவ வந்தது போதும்மா” என்று சொல்லிவிட்டார். தாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த ரொட்டி இல்லாமல் இந்த ஊரின் ரொட்டிப் புத்தகம் நிறைவாகாது என்று, ‘சேக் தாவூத் பாய் ரொட்டி’ என்ற தலைப்பை மட்டும் போட்டு, கீழே பக்கம் முழுவதையும் வெறுமையாக விடச் சொன்னீர்கள். “அவர் போடலாம்னு சொல்ற அன்னிக்கு நிரப்பிக்கலாம்” என்றீர்கள். நாலு அங்குலக் காலி இடத்தை நிரப்ப வந்தவர், ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டார்.

அந்தப் பக்கத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா! அச்சுப் பிழை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர். மெட்ராஸ் புத்தகக் கடைக்காரர் ஒருவர், விடுபட்ட பக்கத்தை உடனே அனுப்பும்படி தந்தி அடித்தார். இரண்டாம் பதிப்பிலும் பக்கம் நிறையவில்லை. “வெத்துப் பக்கத்துக்கும் நான்தான் தலைப்புக் கோக்கணும்” என்று ஜெகநாதன் அண்ணன் முனகிக்கொண்டே கோத்தார். தாங்களோ ஒவ்வோர் ஆண்டும் நோன்புக்கு முன்னால் பாயின் கடைக்குப் போய்க் கேட்பீர்கள். ஒவ்வோர் ஆண்டும் பதிலுக்குப் பதிலாக ஒரு ரொட்டியோடு திரும்பி வருவீர்கள்.

ஐயா ஜம்புலிங்கம் அவர்களின் அரசுப் பணி முடிந்துவிட்டது. மின்னி பே வீட்டைக் காலி செய்ய வேண்டும். அடுத்த மெட்ராஸ் கப்பலில் இருவரும் மாயவரத்துக்குப் புறப்படுகிறீர்கள். இந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து தாங்கள் வேறெதற்கும் வருந்தி நாங்கள் பார்க்கவில்லை. தேநீர் வேளையில் ஒருநாள், மூன்றாம் பதிப்பின் அச்சுத் தாள்களைப் புரட்டிக்கொண்டே, “கப்பல் ஏறறதுக்குள்ள அந்தப் பக்கம் நெறஞ்சுட்டா தேவல” என்றீர்கள். யாரிடமும் சொல்லவில்லை, தாளைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். எங்கள் காதில் விழுந்தது.

தங்களுக்குத் தெரியாமல் நாங்கள் பாயிடம் போனோம். அதற்கு மன்னிக்க வேண்டும்.

பிற்பகல், அடுப்பு ஆறிய நேரம். பாய் கடை முன் பெஞ்சில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். தாளும் பேனாவுமாக நம் தாள் மடிக்கும் பிரிவுச் செல்லம் போயிருந்தாள். துணைக்கு ஜெகநாதன் அண்ணன்.

“பாய், அம்மா ஊருக்குப் போறாங்க.”

“தெரியும் புள்ள. பஜார் பூரா அதான பேச்சு.”

“அந்தப் பக்கம் இன்னும் வெத்தாவே இருக்கு. உங்களுக்கு இன்னும் கோவமா?”

பாய் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது.

“கோவமா? அது அந்த நோன்போடயே போயிருச்சு. இந்தா கேளு. செகரட்டேரியட்டுக்கு மாத்தலாகி மெயின்லேண்டுலருந்து வர்றவுக, அந்தப் புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு நேரா இங்கன வந்து, ‘பாய், இந்தப் பக்கத்துல என்ன இருக்கணும்?’ங்கிறாக. நான் ஒரு ரொட்டிய எடுத்து நீட்டி, ‘இதான்’ங்கிறேன். அந்த வெத்துப் பக்கம் மாதிரி எவன் எனக்கு வெளம்பரம் பண்ணுவான்? அதப் போய் ரொப்பச் சொல்றியே!”

“அட, இதச் சொல்லியிருந்தா அம்மா நிம்மதியா இருந்திருப்பாங்களே!” என்றார் அண்ணன்.

“சொன்னா? வருசா வருசம் வந்து இந்தப் பெஞ்சுல ஒக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போகுது அந்தம்மா. குடுத்துட்டா அப்புறம் எதுக்கு வரும்?”

பாய் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லமும் அண்ணனும் புறப்பட எழுந்தார்கள். அவர் திடீரென்று கேட்டார்.

“மாயவரத்துல இந்த ரொட்டி கெடைக்குமா?”

“கெடைக்காது பாய்.”

“கெடைக்காது” என்று அவரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “பேனாவ எடு” என்றார்.

அவர் சொல்லச் சொல்லச் செல்லம் எழுதினாள். தங்கள் விதிப்படி முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினாள். பாய் கண்ணை மூடிக் கேட்டு, சில இடங்களில் நிறுத்தித் திருத்தினார். கடைசியில், “இன்னொரு வரி சேத்துக்க. கள்ளு விட்டாலும் இப்படியே வரும், அந்தம்மா நாக்கு பொய் சொல்லல. ஆனா விட வேணாம்” என்றார். அதையும் வாசித்த பிறகு, அம்மா, இத்தனை ஆண்டுகள் தாங்கள் கேட்கக் காத்திருந்த அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

“போடலாம்.”

கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். “புஸ்தகத்துல அந்தப் பக்கம் இருக்கிறபடியே இருக்கட்டும். நான் இங்கன பொழைக்கணுமில்ல? அவுகளுக்கு மட்டும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க. இன்னொருத்தர் கையில போகப்படாது.”

அப்படியே செய்தோம். ஜெகநாதன் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு எழுத்துக் கோத்தார். ஒரே ஒரு பிரதி அடித்தார், அன்று சினிமா நோட்டீஸின் பின்பக்கத்தில் அடித்தது போலவே. மை காயுமுன் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். செல்லம் எழுதிய தாள் பாயின் அடுப்பிலேயே எரிந்தது. இன்று அந்தப் பக்குவம் தெரிந்தவர்கள் பாய், ராவுத்தர், அண்ணன், செல்லம், ஆக நான்கு பேர். ஆசிரியர் ஐயாவுக்கும் காட்டவில்லை. அவருக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை என்பது அவர் இதை வாசிக்கும் குரலிலேயே தெரியும்.

அந்த ஒற்றைப் பிரதி வேறெங்கும் இல்லை அம்மா. இந்த மடலின் பின்பக்கத்தில்தான், வாசிப்பவர் கண்ணிலும் படாதபடி மேலே ஒரு தாளைக் குத்தி மறைத்து, இருக்கிறது. கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் மடலைத் தனியாகவும் சட்டத்தைத் தனியாகவும் தருகிறோம். மாயவரத்தில் ஒரு டின் அடுப்பு செய்துகொள்ளுங்கள். மாவுக் கை பட்டு ஓரம் மடங்கினாலும் பரவாயில்லை. பக்குவம் கைக்குப் பழகிய பிறகு இதைச் சட்டத்துக்குள் வைத்து, எங்கள் பெயர்கள் தெரியும்படி மாட்டிக்கொள்ளுங்கள்.

தாங்களும் ஐயாவும் நோயின்றி, நொடியின்றி, பல்லும் நாக்கும் பழுதின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். ஐயாவுக்கு நாள்தோறும் ரசஞ்சோறு கிடைக்க வேண்டும். அந்தத் தெருவில் ரொட்டி மணம் பிடித்து வருகிறவர்கள் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். எங்கே நன்றாக இருக்கிறது என்று தாங்கள் அவர்களை முறைக்க வேண்டும். இங்கே, இனி ஒவ்வோர் ஆண்டும் நோன்புக்கு முன்னால், எங்களில் ஒருவர் போய் பாயின் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைக் கேட்டுவிட்டு வருவோம். அவர் இல்லை என்று சொல்வார். ஒரு ரொட்டி தருவார்.

தங்கள் விதிப்படி, தங்களைப் பற்றி எழுதியதைத் தங்களுக்கே வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டோம். பிழை இருந்தால் இங்கேயே திருத்துங்கள். இல்லையென்றால் ‘போடலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சொன்ன பிறகு மடலைத் திருப்பி, மறைத்த தாளை எடுத்துவிட்டுப் பாருங்கள், அம்மா. ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் மனத்துக்குள்ளேயே படியுங்கள். ராவுத்தர் வீட்டம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
‘அலைவாசல்’ இதழ் ஊழியர்கள்

ராஜமாணிக்கம், ஆசிரியர்
ஜெகநாதன், அச்சுக் கோப்பு
உதயசூரியன், அச்சு இயந்திரம்
சந்திரமதி, கணக்கு
செல்லம், தாள் மடிப்பு

போர்ட் பிளேர்